கடல் கடந்து வந்த கைகள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதுவைக்குப் போனால், மிஷன் வீதியில் சம்பா கோயில் பக்கமாக ஒரு நடை நடந்து பாருங்கள். வெயிலில் மூக்கும் கன்னமும் செக்கச் சிவந்து போன வெள்ளைக்கார வாலிபர்களையும் யுவதிகளையும் காண்பீர்கள். எல்லோருமே ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து விடாதீர்கள். ஐரோப்பாவில் அது கோடை விடுமுறைக் காலம். தங்கள் ஊர்த் திருச்சபையின் இளைஞர் குழு மூலமாகவோ, ஒரு சேவை ஸ்தாபனத்தின் மூலமாகவோ "ஏதாவது தொண்டு செய்துவிட்டு வருவோம்" என்று புறப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணம் நல்ல காரியமாக முடிகிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் புதுவையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

திரும்பாத பயணம்

1658-ல் தொடங்கப்பட்ட பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபை, 1776-ல் புதுவையில் பொறுப்பேற்றது. அந்நாளில் கப்பலேறிய இளம் குருமார்களில் பெரும்பாலோர் சொந்த ஊரை மறுபடி பார்த்ததில்லை. தமிழ் படித்து, தமிழர் நடுவே வாழ்ந்து, இங்கேயே மண்ணானார்கள். 1827-ல் குளுனி கன்னியர் வந்தார்கள். புதுவையின் வெள்ளை நகரில், 18-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் அவர்கள் நடத்தும் பூவேலைக் கூடம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஏழைப் பெண்களின் கையில் ஊசியும் நூலும் கொடுத்து, அதையே பிழைப்பாக்கிய இடம் அது.

அவர்கள் மதம் பரப்பவும் வந்தார்கள். அது வேறு விஷயம். ஆயுள் முழுவதும் தங்க வந்தவர்கள் என்பதை மட்டும் இங்கே மனத்தில் வையுங்கள். சேவைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது என்ற வழக்கம் பிறந்தது பிற்காலத்தில்.

மண்வெட்டி ஏந்திய எஞ்சினீயர்

அந்த வழக்கத்துக்கு விதை போட்டவர்களில் ஒருவர் ஸ்விட்ஜர்லாந்துக்காரரான பியேர் செரஸோல். அப்பா அந்நாட்டு ஜனாதிபதியாக இருந்தவர், மகன் எஞ்சினீயர். ஆழ்ந்த கிறிஸ்துவ நம்பிக்கையும், யுத்தத்தின் மீது அடங்காத வெறுப்பும் உடையவர். 1920-ல், முதல் உலக யுத்தத்தில் நாசமான வெர்தூன் நகருக்கு அருகே ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைச் சீர்படுத்தச் சில நண்பர்களுடன் போனார். நேற்று வரை எதிரியாக இருந்த ஜெர்மானியரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அது பலருக்குப் பிடிக்கவில்லை. சில மாதங்களிலேயே மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அவர் சோர்ந்து விடவில்லை. 1934 ஜனவரி 15-ந் தேதி பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. நிவாரண வேலைகளை ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்தினார். செரஸோல் அந்த ஆண்டே கடல் கடந்து வந்து, 1937 வரை அங்கே பாடுபட்டார். அவருடன் வந்த ஐரோப்பியர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. வீடு இழந்தவர்களுக்குப் புதிய கிராமங்கள் எழுப்பும் வேலையில், கிராமத்தாரோடு சேர்ந்து அவர்களும் மண் சுமந்தார்கள்.

எண்ணிக்கையில் மிகச் சிலர். காலமோ வருஷக் கணக்கு. வேலையோ ஊரார் கேட்டது. இந்த மூன்றையும் மறக்காதீர்கள்.

உப்பளத்தில் ஒரு பெல்ஜியப் பெண்

1962 ஆகஸ்ட் 16-ந் தேதி புதுவை சட்டபூர்வமாக இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டில்தான் மாதலேன் ஹெர்மான் என்ற இளம் பெல்ஜியப் பெண் இங்கே வந்து தொண்டு தொடங்கினார். 'வொலோந்தாரியா' என்ற சேவை ஸ்தாபனம் அப்படித்தான் பிறந்தது. உப்பளம் பகுதியின் ஏழை மக்களும், குஷ்ட நோயாளிகளும் அவர்கள் கவனத்துக்கு முதலில் வந்தவர்கள்.

குஷ்ட நோய் நரம்புகளைத் தாக்குவதால் கைகால் மரத்துப் போகும். சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. விரல்கள் புண்ணாகித் தேய்ந்து போவது அதனால்தான். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார ஸ்தாபனம் 1981-ல் சிபாரிசு செய்தது. அதன் பிறகு நோயை முழுமையாகக் குணப்படுத்துவது எளிதாயிற்று. ஆனால் நோய் போனாலும் ஊர் ஒதுக்கி வைத்தது போகுமா? பிச்சைப் பாத்திரத்தை எப்படிக் கீழே வைப்பது? அதற்குத் தேவைப்பட்டது கூலி தரும் ஒரு வேலை. நெசவுக் கூடம் ஒன்று அந்தத் தேவையை நிறைவேற்ற எழுந்தது. இரக்கத்தைவிடச் சம்பளம் பெரிது என்பது அங்கே கண்ட பாடம்.

கேட்காமல் கொடுத்தால்?

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி நம் கரையைத் தாக்கியது. காரைக்காலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். உலகமே ஓடி வந்தது. அந்த உதவியால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் வேறு சில காட்சிகளும் உண்டு. மீனவர் தொட விரும்பாத பழந்துணிகள் நாகைப் பக்கத்துச் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்தன. தமிழகக் கரையில் சில இடங்களில், சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமான படகுகள் வந்து சேர்ந்தன. கேட்டுக் கொடுத்திருந்தால் இந்த வீண் ஏற்பட்டிருக்காது அல்லவா?

இரண்டு வாரச் சேவைப் பயணங்களிலும் இதே ஆபத்துதான். மண்வெட்டி பிடித்தறியாத பிள்ளை வந்து சுவர் எழுப்புகிறான். அவன் விமானச் செலவில் நம்மூர்க் கொத்தனாருக்கு எத்தனை நாள் கூலி கொடுக்கலாம்! சுவரும் நேராக நிற்கும்.

சுவராவது பரவாயில்லை. அநாதை இல்லக் குழந்தைகளின் விஷயம் இன்னும் கவலைக்குரியது. 'குழந்தைகளைக் காப்போம்' என்ற சர்வதேச ஸ்தாபனம் 2009-ல் ஓர் உண்மையை வெளியிட்டது. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் உள்ள குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களைப் பிரித்திருக்கிறது. புதிதாக வந்த அக்காள் பத்து நாள் கொஞ்சி விளையாடிவிட்டுப் போய்விடுகிறாள். அடுத்த மாதம் வேறொரு அக்காள். பிரிந்து பிரிந்து பழகிய அந்தப் பிஞ்சு மனம் என்ன பாடுபடும்? அந்தப் பணத்தைத் தாயின் கையில் சேர்த்தால் குழந்தை வீட்டிலேயே வளரலாமே!

அப்படியானால் போகவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. பாரிஸ் சபை 2003 முதல் சாதாரண இளைஞர்களையும் ஆசிய நாடுகளுக்கு அனுப்பி வருகிறது. புறப்படுமுன் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. தங்குவதும் மாதக் கணக்கில். சுவையான தமிழில் "சோறு போதும் அம்மா" என்று சொல்லக் கற்றுக்கொள்ளும் அளவுக்காவது ஒருவர் தங்கினால்தான் பிறருக்குப் பயன்படத் தொடங்குவார்.

உங்கள் மகனோ மகளோ கோயில் இளைஞர் குழுவோடு வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ தொண்டு செய்யப் போவதாகச் சொன்னால், தட்டிச் சொல்லாதீர்கள். ஆனால் நாலு கேள்வி கேளுங்கள். இந்த வேலையைச் செய்து தரும்படி அந்த ஊரார் கேட்டார்களா? அங்கே உள்ளவர் யாருடைய கூலியாவது இதனால் போகுமா? உனக்குத் தெரிந்த வேலைதானா இது? நீ திரும்பிய பிறகு அதை யார் தொடர்ந்து நடத்துவார்கள்?

நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால், ஆசீர்வதித்து வழியனுப்புங்கள். கிடைக்காவிட்டால், பயணத்தைச் சேவை என்று சொல்லாமல் படிப்பு என்று சொல்லச் சொல்லுங்கள். பிறர் வாழ்வைக் கண்டு பணிவோடு கற்று வருவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அப்படிக் கற்றுத் திரும்பியவன், தன் தெருவிலேயே தனித்திருக்கும் கிழவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கத் தொடங்கினால், டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம்.