சொதப்பினால்தான் சுவாரஸ்யம்

சி.ஐ.ஏ. தலைமையகத்தில் ஓர் அறை. சத்தம் எழுந்தால் அலாரம், தரையில் ஏதாவது பட்டால் அலாரம், உடல் சூட்டில் வெப்பநிலை கூடினாலும் அலாரம். உள்ளே ஒற்றைக் கயிற்றில் இறங்குகிறார் டாம் குரூஸ். 1996-ல் வந்த முதல் ‘மிஷன் இம்பாசிபிள்’ படம் இது. லாலோ ஷிஃப்ரினின் புகழ்பெற்ற தீம் இசை கையில் இருந்தும் இயக்குநர் பிரையன் டி பால்மா இந்தக் காட்சியை மௌனத்தில் ஓடவிட்டார். மேலே கயிறு பிடித்திருப்பவரை ஓர் எலி மிரட்டுகிறது. பிடி நழுவ, தரைக்குச் சில அங்குலம் மேலே கை கால் விரித்து மிதக்கிறார் நாயகன். இதைப் படமாக்கும்போது குரூஸின் முகம் தரையில் முட்டிக்கொண்டே இருந்ததாம். ஷூவுக்குள் நாணயங்களைப் போட்டுத்தான் சமன் செய்தார். சுமார் 8 கோடி டாலர் படத்தின் உச்சக் காட்சியைக் காப்பாற்றியது சில்லறைக் காசு.

பிற்பாடு பட்ஜெட்டோடு உயரமும் ஏறியது. இதே வரிசையில் வந்த ‘கோஸ்ட் புரோட்டோகால்’ (2011) படத்துக்காக, 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவின் வெளிப்புறத்தில் குரூஸ் நிஜமாகவே தொங்கினார். பாதுகாப்புக் கயிறுகளை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். சாகசம் பெரிதுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது, கண்ணாடியில் ஒட்ட வேண்டிய கையுறை பாதி வழியில் உயிரை விடுவது. போதாக்குறைக்கு முகமூடி செய்யும் இயந்திரமும் கெட்டுப்போகிறது. சொந்த முகத்தோடு போய் வில்லன்களை ஏமாற்ற வேண்டிய நிலை. அவசரத்துக்கு ஆபீஸ் பிரிண்டர் மக்கர் செய்யும்போது நமக்கு வரும் அதே எரிச்சல், நூறு மாடிக்கு மேலே! ஜேம்ஸ் பாண்டுக்கு இந்தத் தொல்லை அபூர்வம். அவருடைய கருவி நிபுணர் க்யூ கொடுக்கும் சாதனம் பெரும்பாலும் சொன்ன நேரத்தில் வேலை செய்துவிடும். பாண்டைப் பார்த்து ஆசைப்படலாம், குரூஸின் ஈதன் ஹன்ட்டுக்காகப் பதறலாம்.

அந்தப் பதற்றத்தைப் பணத்தால் மட்டும் வாங்கிவிட முடியாது. ‘டெட் ரெக்கனிங்’ (2023) கிட்டத்தட்ட 30 கோடி டாலரை விழுங்கியது. நார்வே மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாயும் காட்சியைப் படப்பிடிப்பின் முதல் நாளே எடுத்தார்கள். நாயகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீதிப் படத்துக்கான செலவாவது மிஞ்சுமே! எப்படி எடுத்தோம் என்ற வீடியோவைப் படத்துக்கு மாதக்கணக்கில் முன்பே வெளியிட்டும் விட்டார்கள். தியேட்டரில் அந்தப் பாய்ச்சல் வந்தபோது குரூஸின் துணிச்சலை மெச்சத் தோன்றியதே தவிர, ஈதனுக்காகப் பயம் வரவில்லை.

பயம் வந்தது கடைசியில், ரயிலில். பாலம் உடைந்து, பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் சரிகின்றன. ஈதனும் திருடி கிரேஸும் செங்குத்தாகத் தொங்கும் பெட்டிகளுக்குள்ளேயே மேல் நோக்கி ஏறுகிறார்கள். சமையலறைப் பெட்டியைக் கடந்தால் அடுத்ததில் தலைக்கு மேல் ஒரு பெரிய பியானோ, எந்த நொடியும் அறுந்து விழத் தயாராக. திட்டம் என்று சொல்லிக்கொள்ள இருவரிடமும் எதுவும் மிச்சமில்லை. என் பக்கத்துச் சீட்டுக்காரர் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டார்.