ஃபீபி பிரிட்ஜர்ஸ்

ஃபீபி லூசில் பிரிட்ஜர்ஸ் (பிறப்பு: ஆகஸ்ட் 17, 1994) ஓர் அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியரும் கிட்டார் கலைஞரும் ஆவார். இண்டி ராக், இண்டி நாட்டாரிசை ஆகிய வகைகளில் இவர் பாடல்களை இயற்றிப் பாடி வருகிறார். பெரிய இசை நிறுவனங்களைச் சாராது, சிறு வெளியீட்டகங்கள் வழியாக வளர்ந்த இசை இண்டி இசை எனப்படுகிறது. தாழ்ந்த குரல், நாட்குறிப்பை ஒத்த வரிகள், துயரத்தின் நடுவே வெளிப்படும் நகைச்சுவை ஆகியன இவரது பாடல்களின் இயல்புகளாகும்.

தொடக்க காலம்

பிரிட்ஜர்ஸ் கலிபோர்னியா மாநிலத்தின் பாசடீனா நகரில் வளர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலைகளுக்கான உயர்நிலைப் பள்ளியொன்றில் ஜாஸ் குரலிசை பயின்றார். ஸ்லாப்பி ஜேன் என்னும் பங்க் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். 2014 இல் ஐபோன் விளம்பரம் ஒன்றில் தோன்றி, பிக்சீஸ் குழுவின் பாடலொன்றைப் பாடினார். விளம்பரங்களில் கிடைத்த வருவாய், அவசரமின்றித் தனது முதல் இசைத்தொகுப்பை உருவாக்க இவருக்கு உதவியது.

இசைப் பயணம்

முதல் தொகுப்பான ஸ்ட்ரேஞ்சர் இன் தி ஆல்ப்ஸ், 2017 செப்டம்பரில் டெட் ஓஷன்ஸ் என்ற இண்டி வெளியீட்டகத்தின் மூலம் வெளியானது. டோனி பெர்க், ஈதன் குருஸ்கா ஆகியோர் இதனைத் தயாரித்தனர். இரண்டாவது தொகுப்பான பனிஷர் 2020 ஜூனில், பெருந்தொற்றுக் காலத்தில் வெளிவந்தது. அப்போது மேடை நிகழ்ச்சிகள் முடங்கியிருந்தபோதும் தொகுப்பு பரவலான பாராட்டைப் பெற்றது. 2021 ஆம் ஆண்டு கிராமி விருதுகளுக்கு நான்கு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டார். எனினும் எதிலும் விருது கிட்டவில்லை.

பாய்ஜீனியஸ்

2018 இல் ஜூலியன் பேக்கர், லூசி டேகஸ் ஆகியோருடன் இணைந்து பாய்ஜீனியஸ் குழுவைத் தொடங்கினார். இளம் ஆண்களை எளிதில் மேதைகள் எனக் கொண்டாடும் வழக்கத்தைக் கேலி செய்வதாக இப்பெயர் அமைந்தது. இக்குழுவின் முழுநீளத் தொகுப்பான தி ரெக்கார்ட் 2023 இல் வெளியானது. இதனை வெளியிட்டது இண்டர்ஸ்கோப் என்ற பெரிய நிறுவனம் என்பது குறிப்பிடத்தக்கது. 2024 கிராமி விழாவில் இக்குழு மூன்று விருதுகளை வென்றது. சிசாவுடன் பாடிய பாடலுக்கான விருதையும் சேர்த்து, பிரிட்ஜர்ஸ் அன்று நான்கு விருதுகளைப் பெற்றார். அவ்வாண்டில் வேறு எவரும் இத்தனை விருதுகளைப் பெறவில்லை.

தாக்கங்கள்

இவர் மீது மிகுந்த தாக்கம் செலுத்தியவர் எலியட் ஸ்மித் (1969–2003). ஒரே வரியை இருமுறை பாடிப் பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது ஸ்மித்தின் உத்தி. இதனால் மெல்லிய குரலும் செறிவாகவும், காதருகே ஒலிப்பது போலவும் கேட்கும். இவ்வுத்தியைப் பிரிட்ஜர்ஸும் கையாள்கிறார்.

ஸ்மித் மறைந்தபோது பிரிட்ஜர்ஸின் வயது ஒன்பது, இருவரும் சந்தித்ததில்லை. பனிஷர் தொகுப்பின் தலைப்புப் பாடல் இந்த இழப்பிலிருந்தே பிறந்தது. இசைக்கலைஞரிடம் பேசத் தொடங்கி, நிறுத்தத் தெரியாமல் அவரைச் சலிப்படையச் செய்யும் ரசிகரைப் பனிஷர் என்பது வழக்கு. ஸ்மித்தைச் சந்தித்திருந்தால் தானும் அத்தகைய ரசிகையாகவே இருந்திருக்கக்கூடும் என்பது பாடலின் கருத்து.

இளமையில் விரும்பிக் கேட்ட மற்றொருவரான பிரைட் ஐஸ் குழுவின் கானர் ஓபர்ஸ்ட், பிற்காலத்தில் இவரது இசைத்தோழர் ஆனார். இருவரும் பெட்டர் ஒப்ளிவியன் கம்யூனிட்டி சென்டர் என்ற பெயரில் 2019 இல் ஒரு தொகுப்பை வெளியிட்டனர்.

இசைத்தொகுப்புகள்

2017 – ஸ்ட்ரேஞ்சர் இன் தி ஆல்ப்ஸ்
2019 – பெட்டர் ஒப்ளிவியன் கம்யூனிட்டி சென்டர் (கானர் ஓபர்ஸ்டுடன்)
2020 – பனிஷர்
2023 – தி ரெக்கார்ட் (பாய்ஜீனியஸ்)