கடலைக் காக்க எவ்வளவு கொடுப்போம்?

கடலிற் சேரும் பிளாஸ்ரிக்கைக் குறைப்பதற்கு மக்கள் எவ்வளவு பணம் கொடுக்க விரும்புவர் என ஆய்வாளர்கள் கேட்பதுண்டு. வாயாற் சொல்லும் தொகை வேறு, கையாற் கொடுப்பது வேறு. அயர்லாந்து அரசு 2002இல் ஒவ்வொரு பிளாஸ்ரிக் பைக்கும் 15 யூரோ சதம் வரி விதித்தது. ஆளொருவருக்கு ஆண்டுக்கு 328 பைகளாக இருந்த பாவனை 21 ஆகக் குறைந்தது. பலர் வரி கொடுக்கவில்லை. வீட்டிலிருந்தே பை கொண்டு சென்றனர். அந்தச் சிரமமும் ஒரு விலைதான்.

இடம்பெயர்ந்த குடும்பமொன்றிடம் இதே கேள்வியைக் கேட்டால் "எங்களிடம் ஒன்றுமில்லை" என்றே பதில் வரும். அது இயலாமை, விருப்பமின்மை அல்ல. ஆகவேதான் வறிய கிராமங்களிற் சில ஆய்வாளர்கள், பணத்துக்குப் பதிலாக எத்தனை நாள் உழைப்புத் தருவீர்கள் என்று கேட்கின்றனர். நாம் வாய்க்காலில் எறியும் வெற்று உரப்பை மழைவெள்ளத்தோடு கடலைச் சேரலாம். மாதத்தில் ஒரு நாள் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவு செய்வோம். நாம் கொடுக்கக்கூடிய பங்கு அது.