சிம் வாங்கப்போகும் தோழருக்கு

எந்தக் கம்பெனி சிம் வாங்கலாம் என்று பெரியகுளத்துத் தோழர் கேட்கிறார். விளம்பரத்தைக் கேட்காதீர்கள், தோழரே. கும்பக்கரைச் சாலையைக் கேளுங்கள்! மலை மறித்தால் அலை மங்கும். கடைவீதியிலே பாயும் இணையம் மாந்தோப்பிலே படுத்துக்கொள்வது அதனால்தான். நாளைக்கு வேலை உண்டா என்று மேஸ்திரி சொல்வதோ வாட்ஸ்அப்பில்! செய்தி வராவிட்டால் கூலி போயிற்று. ஆகவே, உடன் உழைப்போரின் கைப்பேசிகளைத் தோப்பிலேயே வாங்கிச் சோதியுங்கள். இரவு எட்டு மணிக்கு வீட்டிலும் பாருங்கள்.

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. பொதுத்துறையான பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை. ஆனால் அதன் 4ஜி நாடெங்கும் தொடங்கப்பட்டதோ 2025 செப்டம்பரில்! தாமதித்தது யார்? அது தனிக் கணக்கு.

எண் போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை 2011 முதல் நாடெங்கும் உண்டு. ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று எழுதி, இடம்விட்டு உங்கள் எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்புங்கள். வரும் குறியீட்டோடு புதிய கம்பெனியின் கடைக்குப் போங்கள். மறுபடி மாற 90 நாள் காத்திருக்க வேண்டும். எனவே சோதனை முதலில், சிம் பிறகு.