பங்களாவில் மிஞ்சியவை – 7: காற்றுத் துவக்கு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதியோரம் தேயிலையும் மிளகும் ஏலமும் மாறிமாறி வரும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு மலையகத்துப் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. துரைமார் கப்பலேறினார்கள், பங்களாச் சாமான்கள் கைமாறின. கட்டில், மணிக்கூடு, கிராமபோன் வரிசையில் காற்றுத் துவக்கும் ஒன்று.

இன்று அப்படியொன்று பரணிலிருந்து இறங்கினால், வீட்டுக்காரர் முதலில் சொல்வது அதன் வயதைத்தான். நூறு வருசப் பழசு என்பார். வாங்க வருகிற சேகரிப்பாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவருக்கு வேண்டியது முத்திரை.

பர்மிங்ஹாம் நகரின் பிஎஸ்ஏ நிறுவனம், லிங்கன் ஜெஃப்ரிஸ் என்ற துப்பாக்கித் தொழிலாளரின் காப்புரிமையை வைத்து 1905இல் காற்றுத் துவக்குச் செய்யத் தொடங்கியது. குழாயை மடக்காமல், அதன் கீழிருக்கும் நெம்புகோலை இழுத்து வில்லை இறுக்கும் முறை அது. குழாய் அசையாததால் குறி தப்பாது என்று பெயர் எடுத்தது. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னம் அதன் அடையாளம். கூடவே 1, 2, 3 என்று ஓர் எண்ணும் இருக்கும். ‘2’ என்றிருந்தால் இரண்டாந்தரம் என்று அஞ்ச வேண்டியதில்லை, குழாயின் வாய் .22 அங்குலம் என்பதே பொருள். 1 என்றால் .177, 3 என்றால் .25.

ஆனால் பிஎஸ்ஏ எக்கச்சக்கமாகச் செய்து விற்ற கம்பெனி. முத்திரை மட்டும் விலையை உயர்த்திவிடாது. இராணுவ ரைபிளின் தோற்றத்தில், பயிற்சிக்காக 1907ஐ ஒட்டிச் செய்த சொற்பமான துவக்குகளில் ஒன்று அகப்பட்டால் கதை வேறு. சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான்.

டயானாவின் கதை இன்னும் சுவையானது. ஜேர்மனியின் ராஸ்டாட் நகரில் 1890இல் தொடங்கிய நிறுவனம் அது. வில்லை வீசியெறிந்துவிட்டுத் துவக்கை உயர்த்திப் பிடிக்கும் வேட்டைத் தெய்வம் அதன் சின்னம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஆலையின் இயந்திரங்களும் பெயரும் ஸ்கொட்லாந்தின் மில்லார்ட் சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தன. ஜேர்மன்காரர்கள் 1950 அளவில் மறுபடி தொழில் தொடங்கியபோது, பிரித்தானியாவில் தங்கள் பெயரையே பயன்படுத்த முடியாமல் ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் விற்க வேண்டியதாயிற்று. ஆக, ‘டயானா’ என்று எழுதிய துவக்கு ஸ்கொட்லாந்துச் சரக்காக இருக்கலாம். அந்தப் பெயரே இல்லாதது அசல் ராஸ்டாட் வேலையாக இருக்கலாம். சேகரிப்பாளர் பின்னதற்குத்தான் பணத்தைக் கூட்டிக் கொடுப்பார்.

அடுத்தது மேனி. ரொபர்ட் பீமன் என்ற அமெரிக்கரின் பெயரோடு 2001 முதல் வெளிவந்த ‘புளூ புக் ஒஃப் எயார்கன்ஸ்’ என்ற விலைக் கையேடு, ஆலையில் பூசிய மெருகில் எத்தனை வீதம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தே தரம் பிரிக்கிறது. தொண்ணூறு வீதத்திலிருந்து அறுபது, நாற்பது, இருபது என்று இறங்க இறங்க விலையும் விழும்.

இங்கேதான் ரிவர்ஸ்டன் வஞ்சகம் செய்கிறது. அது இருக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மூடுபனி சன்னலுக்குள்ளேயே வந்துபோகும். பத்திரம் என்று நம்பித் தோலுறையில் போட்டு வைத்தவர்களின் துவக்குக்குத்தான் சேதம் அதிகம். தோல் ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டவைக்க, துரு குழி குழியாக அரித்துவிடும். உள்ளே பிஸ்டனில் இருக்கும் தோல் வாசருக்கோ எதிர்மாறான வியாதி: ஆண்டுக்கணக்கில் எண்ணெய் காணாமல் காய்ந்து சுருங்கும். அதற்குத் தேங்காயெண்ணெயைத் தாராளமாக ஊற்றினால், அழுத்தத்தின் சூட்டில் அது உள்ளே பற்றி எரிந்து வில்லையே முறித்துவிடக்கூடும்.

துருவைக் கண்டதும் உப்புத்தாளை எடுப்பவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. பளபளவென்று தேய்த்துக் கறுப்புச் சாயம் பூசினால் விலை கூடுமென்று நினைக்கிறார்கள். எழுத்து மழுங்கி, ஓரம் உருண்டுபோன துவக்கைச் சேகரிப்பாளர் உதிரிப்பாகத்துக்குத்தான் வாங்குவார். உடைந்த கட்டைக்குப் பதில் பலாமரத்தில் அழகாகச் செதுக்கிப் பூட்டியதும் அப்படியே. தச்சரின் கைவேலை மெச்சத்தக்கதுதான். பட்டியலில் அது குறை.

துணைச்சாமான்களையும் கேட்க வேண்டும். 1930களில் வந்த வெப்லி கம்பெனியின் மார்க் 2 சேர்விஸ் காற்றுத் துவக்குக்குக் கழற்றி மாட்டும் குழாய்கள் மூன்று அளவில் கிடைத்தன. மூன்றும் அசல் பெட்டியும் சேர்ந்திருந்தால் அது வேறு பொருள். தனிக் குழாயைப் பழைய இரும்போடு நிறுத்துக் கொடுத்த வீடுகளுக்கு இது தாமதமான செய்தி.

ஏலமும் காய்கறியும் போடுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் அநாவசியம். அவருக்குக் குரங்கு வெருண்டு ஓடினால் போதும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை, நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணப்பட்டதற்குக் காரணமே பயிர்ச்சேதந்தான். அந்த வேலைக்குப் புதிய துவக்கே மேல். பழையது அவரிடம் இருந்தால் தேய்ந்துபோகும், அவ்வளவே.

வாங்குகிறவர் எங்கே இருக்கிறார் என்பதும் விலையைத் தொடும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழாய் வாய் .177 அங்குலத்தைத் தாண்டினாலோ, ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனாலோ உரிமம் வேண்டும். ஆகவே ‘2’ என்று முத்திரை குத்திய பிஎஸ்ஏ ஒன்றுக்குத் திருச்சியில் நல்ல விலை உண்டென்று யாராவது ஆசைகாட்டினால், அந்த ஆளிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பேரம் பேச வேண்டும்.

(தொடரும்)