தொய்வு மருந்துகளும் சிறாரின் நடத்தையும்: ஒரு சமூகவியல் நோக்கு

பிள்ளைகளின் நடத்தையைக் குறிக்க எமது பேச்சுவழக்கிற் பயிலும் சொற்கள் பெரும்பாலும் ஒழுக்கம் சார்ந்தவை. குழப்படி, பிடிவாதம், அடங்காமை, செல்லம் என்பன அத்தகையன. இச்சொற்கள் நடத்தையை வருணிப்பதோடு அமைவதில்லை. அதன் காரணத்தையும் முற்கூட்டியே தீர்மானித்து விடுகின்றன. குறை பிள்ளையின் இயல்பிலோ தாயின் வளர்ப்பிலோ உள்ளது என்பதே அத்தீர்மானம். பிள்ளை உட்கொள்ளும் மருந்தும் காரணமாகலாம் என்ற எண்ணத்திற்கு இச்சொல்வழக்கில் இடமில்லை. மருத்துவத் துறையிலும் அவ்வெண்ணம் எளிதில் இடம்பெறவில்லை என்பதைத் தொய்வு மருந்துகளின் வரலாறு காட்டுகின்றது.

தொய்வு சிறாரிடையே மிகப் பரவலாகக் காணப்படும் நாட்பட்ட நோய்களுள் ஒன்று. உரிய சிகிச்சையின்றேல் அது உயிரையும் பறிக்கும். முட்டினால் இரவு முழுவதும் உறங்காத பிள்ளை மறுநாள் எரிச்சலுற்றிருப்பதும் இயல்பே. எனவே மருந்தின் தேவையை மறுப்பது நமது நோக்கமன்று. மருந்தின் விளைவை யார் கண்டனர், அவர்கள் கண்டது எப்போது அறிவாக ஏற்கப்பட்டது என்பதே நமது வினா.

நடத்தையைப் பாதிக்கும் தொய்வு மருந்துகள் பல. சல்பியூற்றமோல் கைநடுக்கத்தையும் படபடப்பையும் அமைதியின்மையையும் தரக்கூடும். இவை சில மணி நேரத்தில் தணிந்துவிடும். வாய்வழி கொடுக்கப்படும் பிறெட்னிசொலோன் மனநிலை மாற்றத்தையும் தூக்கமின்மையையும் ஏற்படுத்தலாம். முன்னர் பெருவழக்கிலிருந்த தியோபிலின், கோப்பியிலுள்ள கஃபீனுக்கு இரசாயன அமைப்பில் நெருங்கியது. அது சிறாரின் நடத்தையையும் படிப்பையும் பாதிக்கின்றது என 1986இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. சிறாரின் தேர்வுப் புள்ளிகளை ஆராய்ந்த 1992ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு அத்தகைய பின்னடைவைக் காணவில்லை. தேர்வுப் புள்ளி அளப்பதும் வீட்டில் தாய் காண்பதும் ஒன்றல்ல என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இவ்வேறுபாட்டின் முழுப் பரிமாணத்தையும் மொன்ரெலுகாஸ்ற் என்னும் மருந்தின் வரலாற்றிற் காணலாம். மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்யும் சில இரசாயனப் பொருள்களின் செயலைத் தடுக்கும் இம்மருந்து, மேர்க் நிறுவனத்தால் சிங்குலெயர் என்ற பெயரில் வெளியிடப்பட்டு, 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சிறாருக்கென மென்று விழுங்கத்தக்க இனிப்பு மாத்திரைகளாகவும் வந்தது. எலிகளில் நடத்திய சோதனைகளைக் கொண்டு, அது மூளைக்குட் புகுவது மிகச் சொற்பம் எனக் கருதப்பட்டது. ஆயின் பயங்கரக் கனவு, தூக்கத்தில் நடத்தல், மூர்க்கம், காரணமற்ற அழுகை, மனச்சோர்வு ஆகியன பற்றிய முறைப்பாடுகள் தொடர்ந்து வந்தன. அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் விசாரணையை அறிவித்து, 2009இல் மருந்துக் குறிப்பில் முன்னெச்சரிக்கை சேர்ப்பித்தது. 2019 செப்டெம்பரில் அது கூட்டிய ஆலோசனைக் குழுக் கூட்டத்திற் பெற்றோர் நேரில் சாட்சியம் அளித்தனர். 2020 மார்ச்சில், தன் அதிகாரத்துட்பட்ட மிகக் கடுமையான எச்சரிக்கையாகிய கட்டமிட்ட எச்சரிக்கையை அந்நிர்வாகம் விதித்தது. அங்கீகாரத்திற்கும் இவ்வெச்சரிக்கைக்கும் இடையே 22 ஆண்டுகள் கழிந்தன. 2018இல் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 93 இலட்சம் பேர் இம்மருந்தைப் பெற்றனர். அவர்களுள் 23 இலட்சம் பேர் 17 வயதுக்கு உட்பட்டோர்.

இத்தாமதத்தைத் தனியொரு நிறுவனத்தின் சூழ்ச்சியாகக் காண்பது பிரச்சினையை எளிமைப்படுத்துவதாகும். அறிவு உற்பத்தி செய்யப்படும் முறையையே நாம் நோக்கவேண்டும். மருந்துச் சோதனைகளுக்குப் பெருமூலதனம் தேவை. அம்மூலதனம் மருந்தை விற்போரிடமே பெரிதும் உள்ளது. சோதனையில் எதை அளப்பது என்பதும் அங்கேயே முடிவாகின்றது. தொய்வு மருந்தின் சோதனையில் மூச்சின் அளவு இலக்கமாகப் பதிவாகும். பிள்ளை இரவில் அலறி எழுவது பதிவாக வேண்டுமாயின் யாராவது அதனைக் கேட்டிருக்க வேண்டும். மேற்கூறிய நிர்வாகமே பெருந்தொகையான காப்புறுதிப் பதிவுகளைக் கொண்டு நடத்திய ஆய்வு, உட்சுவாச ஸ்ரெரொயிட் பெற்றோரைவிட மொன்ரெலுகாஸ்ற் பெற்றோருக்கு ஆபத்து அதிகம் எனக் காணவில்லை. அம்முடிவை நாம் புறந்தள்ளவில்லை. ஆயினும் வைத்தியரிடம் சென்று நோயெனப் பெயர் பெற்றவை மட்டுமே அப்பதிவுகளில் உள்ளன. குழப்படி எனப் பெயரிடப்பட்டு வீட்டுக்குள் அடங்கிப்போனவற்றை அவை அறியா. நிர்வாகமும் அவ்வாய்வின் வரையறைகளை ஏற்றுக்கொண்டே எச்சரிக்கையை விதித்தது. பிற்காலச் சோதனைகள் எலிகளின் மூளையில் இம்மருந்து காணப்படுவதையும் உறுதிசெய்தன.

இங்கு சாட்சிகள் இருவர். ஒருவர் தனக்கு நேர்வதைச் சொல்லச் சொற்களற்ற பிள்ளை. மற்றவர் ஊதியமின்றி இரவெல்லாம் விழித்திருந்து பராமரிக்கும் தாய். வீட்டு உழைப்பு உழைப்பாகக் கணிக்கப்படாத சமுதாயத்தில், அவ்வுழைப்பினின்று பிறக்கும் அறிவும் அறிவாகக் கணிக்கப்படுவதில்லை. ‘பிள்ளை முந்தி இப்படி இல்லை’ என்ற தாயின் கூற்று, காலவரிசையை உட்கொண்ட ஓர் அவதானம். முன்னர் எவ்வாறிருந்தது, எப்போது மாறியது என்பதை அவரன்றி வேறெவரும் அறியார்.

இலங்கையிலும் இவ்வினா அந்நியமானதன்று. சேனக பிபிலே அவர்களின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் அடிப்படைகளுள் ஒன்று, மருந்துகள் வணிகப் பெயரால் அன்றி அவற்றின் பொதுப் பெயரால் வழங்கப்படவேண்டும் என்பது. விலையைக் குறைப்பதோடு அறிவைப் பொதுவாக்கும் கோட்பாடும் அதுவே. பல வணிகப் பெயர்களில் விற்கப்படும் மொன்ரெலுகாஸ்ற் இங்கு சிறு கடதாசி உறையிலிட்டுக் கொடுக்கப்படும்போது, எச்சரிக்கைத் தாள் தாயின் கையை அடைவதில்லை. அடைந்தாலும் அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். மக்களின் மொழியில் இல்லாத எச்சரிக்கை, விடுக்கப்படாத எச்சரிக்கையே. ‘பம்ப்’ பழகிவிடும் என்ற அச்சத்தால் மாத்திரையை நாடும் பெற்றோருக்கு, மாத்திரைக்கும் அதற்கேயுரிய ஆபத்து உண்டென்பது தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து தொடங்கிய பின்னர் தூக்கம், பேச்சு, மனநிலை, நடத்தை ஆகியவற்றில் மாற்றம் தோன்றின் அதனைத் திகதியிட்டுக் குறித்து, தாமதியாது வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். திக்கிப் பேசத் தொடங்குதலும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தலுங்கூடக் கவனத்திற்குரியன. சாவு பற்றிய பேச்சோ தன்னைத்தானே வருத்தும் முயற்சியோ காணப்படின் அன்றே வைத்தியரை நாடவேண்டும். மொன்ரெலுகாஸ்ற் நிறுத்தப்படுமிடத்துப் பெரும்பாலானோரில் இவ்விளைவுகள் மறைகின்றன. சிலரில் நீடித்ததும் உண்டு. தொய்வைக் கட்டுப்படுத்தும் ஏனைய மருந்துகளைத் தாமாக நிறுத்துதல் ஆபத்தானது. மாற்றுச் சிகிச்சை வைத்தியரோடு கலந்து தீர்மானிக்கப்பட வேண்டியது.

வைத்தியரின் கடமையும் இங்குண்டு. மருந்தை எழுதும்போதே இவ்விளைவுகளைத் தாய்மொழியில் எடுத்துரைப்பதும், அடுத்த வருகையில் மூச்சைப் பற்றி மட்டுமன்றி உறக்கத்தையும் விளையாட்டையும் பற்றி வினவுவதும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. அவ்வாறு வினவப்படும்போதுதான் குழப்படி என்ற தீர்ப்புக்கு முன்னர் விசாரணை என்ற ஒன்று நிகழும்.