சிறு வீட்டின் சாவி யாருக்கு?



இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், எஸ்க் ஆறு வடகடலோடு கலக்குமிடத்தில் விட்பி என்னும் பழம்பெரும் துறைமுக ஊர் அமைந்துள்ளது. அதன் குறுகிய சந்துகளில், செவ்வோட்டுக் கூரையுடைய சிறு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவராகும். மீனவரும் மாலுமிகளும் கப்பல் கட்டும் தச்சர்களும் அவற்றில் வாழ்ந்து வந்தனர். கேப்டன் குக் உலகைச் சுற்றிவந்த ‘எண்டெவர்’ கப்பல் 1764-இல் இவ்வூரில் கட்டப்பட்டதே.

குன்றின்மேல் ஒரு துறவற மடத்தின் இடிபாடுகள் தெரிகின்றன. கி.பி. 657-இல் அங்கே முதல் மடத்தை நிறுவி ஆண்டவர் புனித ஹில்டா. உயிர்ப்புப் பெருவிழாவை எந்நாளில் கொண்டாடுவது என்று 664-இல் கூடிய சங்கம், உரோமையின் வழக்கத்தை ஏற்றது இம்மடத்திலேதான். அங்கே செல்வரும் இல்லை, வறியவரும் இல்லை; உடைமைகள் யாவும் பொதுவாய் இருந்தன என்று புனித பீட் தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார்.

இன்று அக்குன்றின் அடிவாரத்தில் ஒரு சிறு வீடு விற்பனைக்கு வந்தால் என்ன நிகழ்கின்றது? ஊரில் பிறந்து வளர்ந்து, அங்கேயே உழைக்கும் இளந்தம்பதியர் அதை ஆவலோடு பார்க்கின்றனர். ஆனால் விடுமுறைக்கு மட்டும் வந்து தங்க விரும்புவோரும், பயணிகளுக்கு வாடகைக்கு விட நினைப்போரும் தரும் விலைக்கு அவர்களது வருமானம் எட்டுவதில்லை. விற்ற பின் வாசலருகே சாவி வைக்கும் சிறு பெட்டி ஒன்று பொருத்தப்படுகின்றது. குளிர்கால இரவுகளில் விளக்கெரியாத வீடுகள் பெருகுகின்றன. பொதுச் சுவருக்கு அப்பால் தனியே வாழும் முதியவர் தட்டினால், கேட்பதற்கு அங்கே எவருமில்லை.

பயணிகளால் ஊருக்கு வருவாயும் வேலையும் கிடைப்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கடையில் பணிபுரிபவர் குடியிருக்க இடமின்றி வெளியூர் சென்றுவிட்டால், அக்கடையை நடத்துவது யார்?

2022 ஜூன் மாதம் விட்பி மக்கள் வாக்களித்தனர். புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே உரியனவாக வேண்டும் என 2,111 பேரும், வேண்டாமென 157 பேரும் தெரிவித்தனர். அவ்வாக்கெடுப்புக்குச் சட்ட வலிமை இல்லை. பின்னர், 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, இரண்டாம் வீடு வைத்திருப்போரிடம் இருமடங்கு வீட்டுவரி பெற வடக்கு யார்க்‌ஷயர் மன்றம் ஏற்பாடு செய்தது. ஆனால் வாடகைத் தொழிலாகவே நடத்தப்படும் வீடுகளுக்கு அந்த வரி பொருந்துவதில்லை.

இங்கேதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். மக்கள் வாக்களித்தது புது வீடுகளைப் பற்றி. நூற்றாண்டுகள் கண்ட பழைய வீட்டை யாருக்கு விற்பது என்பதோ அதன் உரிமையாளரின் மனச்சான்றுக்கே விடப்பட்டுள்ளது. முதுமைக்கும் மருத்துவத்திற்கும் பணம் தேவைப்படுவோர் உயர்ந்த விலையை நாடுவதைக் குற்றமென்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் தேவை நிறைவேறிய பின்னும் கடைசிக் காசு வரை கறந்தே தீரவேண்டுமா? சற்றுக் குறைந்த விலைக்கு ஒரு குடும்பத்திடம் சாவியைக் கொடுப்பவர், அத்தெருவில் ஒரு விளக்கை ஏற்றிவைக்கின்றார்.

நம் பெற்றோர் வாழ்ந்த வீட்டை விற்கும் நாள் நமக்கும் வரலாம். அன்று, “என்ன விலை கிடைக்கும்?” என்று கேட்குமுன், “இதில் யார் வாழப்போகின்றார்கள்?” என்றும் ஒருமுறை கேட்போமாக.